அசையாமல் நின்றவனின் தவறு

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நான் கூடைப்பந்து மத்தியஸ்தராகப் பழகிக்கொண்டிருந்தேன். போரும் பொருள்தடையுமாக, அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை. விமர்சனத்துக்கு மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இருக்கவில்லை.

மத்தியஸ்தர் சாம்பல் நிறச் சட்டை அணிய வேண்டும் என்பது சர்வதேச விதியாம். என்னிடம் இருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. சவர்க்காரமில்லாமல் ஆறு மாதம் வெறும் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்ததில் அது தானாகவே சர்வதேசத் தரத்தை எட்டிவிட்டது. நான்தான் எட்டவில்லை.

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் விட்டதும் நீர்வேலியிலிருந்து சைக்கிள் மிதித்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வருவேன். இருட்டுவதற்கு முன் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் என்னுடைய விசாரணை தொடங்கும். கடை வாசலில் கிடந்த நீள மர வாங்கில் மூத்த மத்தியஸ்தர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். எதிரே, சைக்கிளைப் பிடித்தபடி நான் நிற்பேன். வாங்கில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது. இரு என்று அவர்கள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இருவரையும் ஊர்ப்பெயரால்தான் அழைப்போம். ஒருவர் இணுவில் அண்ணை. எங்களுக்குத் தெரிந்தவரை குடாநாட்டிலிருந்த ஒரே கூடைப்பந்துச் சட்டப் புத்தகம் அவரிடம்தான் இருந்தது. அதைப் பொலித்தீன் பையில் போட்டு, சணல் கயிற்றால் கட்டி, சைக்கிள் கரியரில் கொண்டு திரிவார். அதைத் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. பையில் ஒரு தட்டுத் தட்டுவார், அதுவே தீர்ப்பு. மற்றவர் குருநகர் அண்ணை, பழைய ஆட்டக்காரர். அவரிடம் புத்தகம் இல்லை. அதற்கு ஈடாகக் குரல் இருந்தது.

"தம்பி, இண்டைக்கு எத்தினை தரம் ஊதினாய்?" என்று தொடங்குவார் இணுவில் அண்ணை.

"எண்ணேல்லை அண்ணை."

"நான் எண்ணினனான். நாப்பத்தொண்டு. உதென்ன, கலியாண வீட்டு நாதஸ்வரமோ?"

குருநகர் அண்ணைக்கு அது பொறுக்காது. "நாப்பத்தொண்டு காணாது ஐசே. பெடியள் ஆளையாள் இடிச்சு விழுத்திறாங்கள். இவர் சும்மா நிண்டு படம் பாக்கிறார்."

"கூடிப்போச்சு எண்டுறன்."

"காணாது எண்டுறன்."

குற்றவாளி யார் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் "ஓம் அண்ணை" சொன்னேன். முதற்பாதியில் குறைத்தும் இரண்டாம் பாதியில் கூட்டியும் ஊதினால் இருவரையும் திருப்திப்படுத்தலாம் என்று நம்பிய காலமும் உண்டு. நான் கணிதம் படிப்பித்தவன், சராசரியில் நம்பிக்கையுள்ளவன்.

இந்த அடக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பாடசாலைகளுக்கிடையிலான இறுதியாட்டத்தை இரண்டு மத்தியஸ்தர்கள் நடத்த வேண்டும். ஒருவர் எப்போதும் இணுவில் அண்ணை. மற்றவரான குருநகர் அண்ணையின் முழங்கால் அந்த ஆண்டு ராஜினாமாச் செய்துவிட்டது. அந்த ஓர் இடத்துக்கு யாரைப் போடுவது என்பதை வாங்குதான் தீர்மானிக்கும். ஓடியோ எறிந்தோ ஒரு பதக்கமும் வாங்காமல் முப்பத்துநான்கு வயதுக்கு வந்திருந்தேன். இறுதியாட்டத்தில் ஒரு தரமாவது மைதானத்தின் நடுவில் நிற்கவேண்டும் என்ற ஆசை வெட்கம்கெட்டது என்பது தெரியும். இருந்தும் இருந்தது.

எங்கள் கூட்டத்தில் வாங்குக்கு வராதவர் ஒருவரும் இருந்தார். புள்ளித்தாள் எழுதும் ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்தவர், என் வயதுதான். அரையிறுதிக்கு முதல்நாள், பென்சில் சீவிக்கொண்டே சொன்னார்:

"மாஸ்ரர், ஒண்டு சொன்னால் கோவிப்பியளோ?"

"எட்டு மாதமாக் கேக்கிறன் ரீச்சர். பழகிப்போச்சு."

"நீங்கள் ஊதிறதுக்கு முன்னம் அண்ணைமாரின்ரை முகத்தைப் பாக்கிறியள். பாத்து முடிய பந்து அங்காலை போயிடுது."

கோபம் வந்தது. உண்மையாக இருந்ததால் வந்த கோபம்.

அரையிறுதியில் யாரையும் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். இணுவில் அண்ணை என்னோடு மைதானத்தில் ஓடினார், குருநகர் அண்ணை ஓரத்தில் இருந்தார். இருவரையும் நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைசி நிமிடம், ஒரு புள்ளி வித்தியாசம். பின்னுக்கு நின்ற அணியின் பெடியன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். தடுப்பவன் வழியில் கால் ஊன்றி அசையாமல் நின்றான். மோதினார்கள். நான் உடனே ஊதினேன். அப்படியொரு ஊதல் நான் அதற்குமுன் ஊதியதில்லை. கை நேராகத் தடுத்தவனைக் காட்டியது.

கை நீண்ட பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. அசையாமல் நிற்பவன்மேல் வந்து மோதினால் மோதியவனுக்குத்தான் பவுல். நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பவுல் செய்தவன் கையை உயர்த்துவது அக்கால வழக்கம். தடுத்த பெடியன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு, செய்யாத குற்றத்துக்குக் கையை உயர்த்தினான். மோதியவனுக்குத் தடுப்பாரில்லாத இரண்டு எறிகள் கிடைத்தன. இரண்டும் உள்ளே போயின. கை உயர்த்தியவனின் அணி ஒரு புள்ளியால் தோற்றது.

வாங்கடியில் அன்று புதுமை நடந்தது. "இரு தம்பி," என்றார் குருநகர் அண்ணை. நகர்ந்து இடமும் விட்டார். பனங்கட்டித் துண்டோடு பிளேன்ரீ வந்தது.

"அந்தக் கடைசி ஊதல்! உதுதான் ஐசே ஊதல்!"

"இறுதியாட்டத்துக்கு நீதான்," என்றார் இணுவில் அண்ணை.

எட்டு மாதம் சரியாக ஊதியவற்றுக்கு ஏச்சு வாங்கியவன், பிழையாக ஊதிய ஒன்றுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பேசாமல் பனங்கட்டியைக் கடித்திருக்கலாம். அந்த உயர்த்திய கை விடவில்லை.

"அண்ணை, அது பிழை."

"எது?"

"கடைசி பவுல். பெடியன் அசையாமல் நிண்டவன். நான் மாறிக் குடுத்திட்டன்."

இருவர் முகமும் இறுகியது. என் பிழைகளைக் கண்டுபிடிப்பது அவர்களுடைய வேலை. அதில் நான் கைவைத்ததை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"அது சரி," என்றார் இணுவில் அண்ணை.

"இல்லை அண்ணை. பிழை."

"நான் சரியெண்டுறன், நீ பிழையெண்டுறாய். அப்ப நான் குருடனோ?"

அப்போதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, சணல் கயிறு அவிழ்ந்தது. புத்தகத்தின் மூலைகளைக் கறையான் வாசித்திருந்தது. அவர் விரல் வைத்து ஒரு வரியை மெதுவாகப் படித்தார். பாவம், அதுவும் என் பக்கம்தான் இருந்தது. விரல் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பியது.

"அசையாமல் எண்டுதானே கிடக்கு?"

"ஓம் அண்ணை."

"பெடியன் மூச்சு விட்டவனோ இல்லையோ?"

"விட்டிருப்பான்..."

"மூச்சு விட்டால் நெஞ்சு அசையும். அசைஞ்சால் பவுல்." புத்தகம் பைக்குள் போனது.

குருநகர் அண்ணை வாழ்க்கையில் முதன்முறையாகப் புத்தகத்தோடு ஒத்துப்போனார். "இவனுக்குத் தன்ரை பிழையைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியேல்லை. இவனை நம்பி எப்பிடி ஃபைனலைக் குடுக்கிறது?"

கொடுக்கவில்லை. அவர் தன் முழங்காலை வற்புறுத்தி மீண்டும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். நான் வாங்கிலிருந்து எழுந்து சைக்கிளைப் பிடித்தேன். பனங்கட்டி கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இறுதியாட்டத்தில் எனக்கு மேசையில் இடம் தந்தார்கள், சாவி கொடுக்கும் கடிகாரத்தோடு நேரம் பார்க்க. பக்கத்தில் ரீச்சர். வாங்கடிக் கதையைச் சொல்லியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, "சொன்னது நல்லது" என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பதக்கம் அதுதான்.

இரண்டாம் பாதியில் ஒருவன் பந்தோடு பாய்ந்தான். தடுத்தவன் கால் ஊன்றி, கற்தூண் மாதிரி நின்றான். மோதினார்கள். இணுவில் அண்ணையின் விசில் காற்றைக் கிழித்தது. அவருடைய கை என்னுடைய கையைப் போலவே, அதே கோணத்தில், நின்றவனை நோக்கி நீண்டது. பிறகு மேசைப் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாத்தியோ, இப்பிடித்தான் என்பதுபோல.

கற்தூண் கையை உயர்த்தியது.

ரீச்சர் தலை நிமிராமல் அவன் பெயருக்கு நேரே ஒரு பவுலை எழுதினார்.

"மூச்சு விட்டிட்டான் போல," என்றார்.