எதிர்க்கடைப் பெட்டி

பந்தலூர் கடைத்தெருவில் ராஜகுமாரிக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால், அது எதிர்க்கடை ரெனிஷின் கம்ப்யூட்டர் பெட்டிதான். மஞ்சளேறிப்போன பழைய பெட்டி. இரண்டு பேரும் நடத்துவது போட்டோ ஸ்டுடியோ. தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் யாராவது இறந்தால், மாலை போட ஒரு பெரிய படம் வேண்டுமென்று சொந்தக்காரர்கள் ஓடிவருவார்கள். எந்த வருஷத்துப் படமானாலும் ரெனிஷ் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டிவிடுவான். ராஜகுமாரியிடம் வந்தவர்களோ அவள் உதட்டைப் பிதுக்கியதும் ரோட்டைத் தாண்டிப் போவார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. படங்களையெல்லாம் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்கில் சேர்த்துத்தான் வைத்தாள். ஆனால் அது அவள் தோள்பையிலேயே கல்யாணம் கல்யாணமாக ஊர் சுற்றியது. ஜீப்பில் குலுங்கியது, மண்டபத்துப் படியில் விழுந்தது. ஒன்று போனது. அடுத்ததும் போனது.

"அவன் பெட்டி மட்டும் எப்படித்தான் சாகாம கெடக்குதோ!" என்று பொருமுவாள்.

இந்த மழைக்காலத்தில் அவளுடைய அம்மா மருதாயி இறந்துபோனாள். கொழுந்து பறித்த காசில் மகளுக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தவள். அம்மாவை எடுத்த படங்கள் அத்தனையும் மூன்றாவது டிஸ்கில் இருந்தன. செருகினாள். டிக் டிக் என்று சத்தம் வந்தது, படம் வரவில்லை. செல்போனில் இருந்ததெல்லாம் கூட்டத்துக்குள் தெரிந்த அரைமுகம்தான். உடலை எடுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"எதிர்க்கடைத் தம்பிகிட்ட கேளு புள்ள," என்றாள் பக்கத்து வீட்டு வேலாயி.

"எங்கம்மா படம் அவன்கிட்ட எப்படி இருக்கும்?"

"பென்சனுக்குப் படம் கேட்டாங்கல்ல, அன்னிக்கு நீ கல்யாண வேலைக்குப் போயிட்டே. நாந்தான் அங்க கூட்டிட்டுப் போனேன். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுச்சு."

அந்தத் துக்கத்திலும் ராஜகுமாரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ரோட்டைத் தாண்டினாள்.

"இருக்கு சேச்சி," என்று ரெனிஷ் உடனே பிரிண்ட் போட்டான். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இந்த டிஸ்க் எத்தன வருசமா உசுரோட இருக்கு தம்பி?"

"ஐயோ, பெட்டிதான் சேச்சி பழசு. உள்ள இருக்கறத நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருவேன். உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் ஒரு நாள் போகத்தானே செய்யும்? வீட்டுலயும் ஒரு காப்பி இருக்கு."

இத்தனை வருஷமும் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்தா வயிறெரிந்தோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அதற்குள் படம் வெளியே வந்தது. அம்மா பொக்கைவாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜகுமாரி எடுத்த படங்களில், "வாய மூடும்மா, அசையாதம்மா" என்கிற அதட்டலுக்குப் பயந்து, விறைத்துத்தான் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன சொல்லி இப்படிச் சிரிக்க வெச்சே?"

"நான் ஒண்ணும் சொல்லல சேச்சி. 'எம் மகளும் போட்டோக்காரிதான், ஒன்னவிட நல்லா எடுப்பா'ன்னு அவங்களே சொல்லிச் சிரிச்சாங்க. பென்சனுக்கு வேற படம் குடுத்தேன். இத அழிக்க மனசு வரல."

ராஜகுமாரி படத்தை நெஞ்சோடு சேர்த்து அழுதபடியே வீட்டுக்கு வந்தாள். பெட்டியின் மேலிருந்த பொறாமை போய்விட்டது. அம்மாவின் அந்தச் சிரிப்பு அவன் கேமராவுக்குக் கிடைத்ததே என்ற பொறாமை, மாலை போடும்போதும் போகவில்லை.