கைதட்டல் விழாத நாள்

ஹெட்போன் அக்காவின் இடது காது போனது கல்யாணமான நாலாம் வருஷம், சாப்பாட்டு மேஜைக்கும் வாசல் கதவுக்கும் நடுவில். போக்கடித்தவன் அவளைக் கட்டியவன்.

தெருவில் சின்னதும் பெரிதும் அவளை அப்படித்தான் கூப்பிட்டன. கழுத்தில் எப்போது பார்த்தாலும் ஒரு பெரிய கறுப்பு ஹெட்போன். கணவன் கேமராக்காரன். கல்யாணம், பள்ளி விழா, பேட்டி என்று எதுவானாலும் படம் அவன் பொறுப்பு, சத்தம் அவள் பொறுப்பு. அவள் வருவதற்கு முன் சத்தம் என்று தனியாக ஒரு வேலையே அந்தக் கடையில் இருந்ததில்லை. கேமராவுக்குள்ளேயே இருந்த குட்டி மைக், மாப்பிள்ளை பேசுவதை விட்டுவிட்டுப் பக்கத்து மேஜையில் கரண்டி விழுவதைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டு வரும்.

அவள்தான் அடம் பிடித்து உள்ளங்கை அளவில் ஒரு ரெக்கார்டர் வாங்க வைத்தாள். பேசுபவரின் சட்டையில் ஒரு மைக்கைக் குத்தி, அதன் வயரை ரெக்கார்டரில் செருகிவிட்டால் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகப் பதியும். பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கேமராவின் சத்தத்தை எடுத்துப் போட்டுவிட்டு ரெக்கார்டரின் சத்தத்தைப் படத்தோடு ஒட்ட வேண்டும். உதடும் சொல்லும் ஒரு இழைகூடப் பிசகக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் நின்று ஒருவர் பளீரென்று கை தட்டுவார். அந்தத் தட்டல் இரண்டு பதிவிலும் ஊசி மாதிரி ஒரு கோடாக நிற்கும். கோட்டோடு கோட்டைச் சேர்த்துவிட்டால் மீதி தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கை தட்டுவது கணவனின் வேலை. ஒவ்வொரு முறை அவன் தட்டும்போதும் அவள் கண்கள் இறுக மூடிக்கொள்ளும். அந்தக் கைகள் ஒன்றோடொன்று மோதும் நேரங்களில் தன் மேல் படாது என்பது அவளுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

அந்த ரெக்கார்டரில் ஒரு வில்லங்கம் இருந்தது. சிவப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் விளக்கு விட்டு விட்டு எரியும். தயார் என்று அர்த்தம். இன்னொரு முறை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரிந்து பதிவு தொடங்கும். ஒரு கல்யாணத்தில், கூட்டத்தின் தள்ளுமுள்ளில், அவள் ஒரு முறைதான் அழுத்தினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கொடுத்துக்கொண்ட வாக்கு முழுவதும் காற்றோடு போயிற்று. பெண்ணின் அப்பா வீடு தேடி வந்து, நாலு பேர் கேட்கக் கேமராக்காரனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் கதவு சாத்தப்பட்டது.

ஐந்து அறைகள். ஐந்தாவது, காதை முழுவதுமாக மூடி விழுந்தது. உள்ளே காகிதம் கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. இடது காது கேட்ட கடைசிச் சத்தம் அதுதான். ராத்திரி தலையணையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து அவன் கேவிக் கேவி அழுதான். அவள் காலைப் பிடித்தான். அவன் அம்மா உள்ளறையிலிருந்து வந்து, தலையணை உறையை மட்டும் உருவிக்கொண்டு போய்த் துவைத்துப் போட்டாள்.

காது டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். கீழே விழுந்தேன் என்று அவள் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "வலது காதும் பலமில்லம்மா. இன்னொரு தடவை 'விழுந்தீங்கன்னா' அதுவும் போயிடும். அப்புறம் நீங்க யாரையும் கேக்க முடியாது, உங்களை நீங்களே கேக்க முடியாது" என்றார்.

அந்த ஒற்றைக் காதுதான் அவள் பிழைப்பு. அவள் சொத்து, சுகம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அதன் பிறகு அவள் தூங்குவதுகூட வலது காதைத் தலையணையில் புதைத்துத்தான்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு வயர் வாங்கினாள். ரெக்கார்டரிலிருந்து கேமராவின் மைக் துளைக்குப் போவது. நல்ல சத்தம் ரெக்கார்டரில் பதியும்போதே அதன் நகல் கேமராவுக்குள்ளும் போகும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். தன் காதுகளை நினைத்துக்கொண்டுதான் வாங்கினாளோ என்னவோ. முதல் நாள் இணைத்தபோது கேமராவில் சத்தம் தகரத்தை இழுத்த மாதிரி உடைந்து கேட்டது. ரெக்கார்டர் அனுப்பும் வேகத்தை அந்தத் துளை தாங்கவில்லை. கேமராவின் ஒலி அளவைக் கடைசிப் படி வரை இறக்க வேண்டும் என்று அவள் கண்டுபிடிப்பதற்குள் முதுகில் இரண்டு விழுந்துவிட்டன. முதுகில் விழுந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. இப்படியும் ஒரு நிம்மதி உண்டா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் அதுதான் மிச்சம்.

பிறகுதான் குத்துச்சண்டைக் கூடத்து வேலை வந்தது. நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பழக்கிய மாஸ்டர் ஓய்வு பெறுகிறார், அவர் பேசுவதைப் படமெடுக்க வேண்டும். கூடம் முழுக்க வியர்வையும் தோலும் கலந்த நெடி. ஒருவன் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் தரை அதிர்ந்தது. மேடையில் இரண்டு பேர் மூக்கில் ரத்தம் ஒழுக மோதிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. அடுத்த நொடி இருவரின் கைகளும் தொங்கின; ஒருவன் மற்றவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூலையில் நாற்காலி போட்டு மாஸ்டரை உட்கார வைத்தார்கள். கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. அவள் ரெக்கார்டரின் பொத்தானை ஒரு முறை அழுத்தினாள், பார்த்தாள், இன்னொரு முறை அழுத்தினாள், மறுபடி பார்த்தாள். விளக்கு நிலையாக எரிந்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, மாஸ்டரின் சட்டையில் மைக்கைச் சரிசெய்யக் குனிந்தாள்.

கை தட்ட வந்த கணவனின் கண்ணில் அந்த ரெக்கார்டர் பட்டது. அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சத்தம் எல்லை மீறும்போது மின்னி எச்சரிக்கும் வேறொரு விளக்கு அது. மணல் மூட்டையில் விழும் குத்துக்கு ஒரு மின்னல். சத்தத்தின் பக்கமே தலை வைத்துப் படுக்காதவனுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? அவனுக்குப் பெண்ணின் அப்பா ஞாபகம் வந்தது. ரத்தம் தலைக்கேறியது.

"மறுபடியும் அழுத்தலையாடி, செவிடு!"

வலப்பக்கமிருந்து வந்த கை அவள் கன்னத்தில் இறங்கியது. காதுக்கு இரண்டு விரற்கடை கீழே. ஹெட்போன் தெறித்து நாற்காலிக் காலில் மோதியது. கேமராவுக்குப் போகும் வயர் இழுபட்டது. உதட்டோரம் கிழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. மணல் மூட்டை மட்டும் நிற்காமல் தொம் தொம் என்று அடி வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பேட்டி நடந்தது. அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் கணவன் வெளியே போயிருந்தான். கம்ப்யூட்டரில் இரண்டு பதிவையும் போட்டுப் பார்த்தாள். அறை விழுந்த இழுப்பில் வயர் கேமராவிலிருந்து பாதி கழன்றிருக்கிறது. அதற்குப் பிறகு கேமராவில் துளிச் சத்தமில்லை. காது இரைந்துகொண்டிருந்ததில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ரெக்கார்டரில் மட்டும் பேச்சு முழுக்கப் பத்திரமாக இருந்தது. எதை வைத்து ஒட்டுவது? கைதட்டலைத் தேடினாள். அது இருக்க வேண்டிய இடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது.

அவள் கன்னத்தில் விழுந்தது.

பதிவாகவில்லை என்று அடித்த அடி, அட்சரம் பிசகாமல் பதிவாகியிருந்தது.

கோட்டோடு கோட்டைச் சேர்த்தாள். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு முறை அந்த அறையை ஒற்றைக் காதால் கேட்டாள். அதில் அவள் அழவில்லை. அறைக்குப் பிறகு நாலு நொடி மணல் மூட்டையின் தொம் தொம் மட்டும். பிறகு ஒரு பெண்குரல், கெஞ்சுகிற மாதிரி, "ஒண்ணுமில்ல மாஸ்டர், நீங்க ஆரம்பிங்க" என்றது. யாரோ பாவம் என்று ஒரு கணம் நினைத்தாள். தன் குரல் என்று தெரிந்ததும் உடைந்துபோய் மேஜையில் கவிழ்ந்து அழுதாள்.

ஒட்டி முடித்ததும் தொடக்கத்தை வெட்டிவிட வேண்டும். அதுதான் வழக்கம், கைதட்டலை யாரும் ஊரைக் கூட்டிக் காட்டுவதில்லை. அவள் வெட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூடத்து அலுவலறையில் போட்டுக் காட்டினார்கள். மாஸ்டர் முன்னால். பழகும் பிள்ளைகள் நாலைந்து பேர் சுவரோரம். கணவன் அவளுக்கு வலப்பக்கம், காலாட்டிக்கொண்டு. திரையில் அவள் குனிந்தாள். கை வந்தது. 'செவிடு' என்ற சொல்லும் அறையும் ஒலிபெருக்கியில் கூரை வரை எழுந்தன. நாலு நொடி. "ஒண்ணுமில்ல மாஸ்டர், நீங்க ஆரம்பிங்க." அடுத்து மாஸ்டரின் கம்பீரக் குரல், இந்த விளையாட்டின் முதல் விதியே மணி அடித்தால் கையை இறக்குவதுதான் என்று விளக்க ஆரம்பித்தது.

முன்வரிசையில் மாஸ்டரின் தலை மெல்லக் குனிந்தது. எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்ததுதான். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னை அசிங்கப்படுத்தவா வெட்டாம வச்சே?" கணவன் எழுந்துவிட்டான்.

அவள் திரும்பவில்லை. "வெட்டினா ஒட்டாதுங்க. அன்னிக்கு நீங்க தட்டினது அங்கதான்."

அவன் கை வலது காதைக் குறிவைத்து வீசி வந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கையைப் படித்தவள். எங்கே கிளம்பினால் எங்கே இறங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். நாற்காலியோடு சுழன்று, முகத்தை அவன் பக்கம் திருப்பி, செத்துப்போன இடது காதை அவனுக்குக் கொடுத்தாள். அடி இடியாக இறங்கியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. ஆனால் அவளுக்குக் கேட்டது. நாற்காலி சாய்ந்தது கேட்டது, பிள்ளைகள் பாய்ந்து வந்த காலடி கேட்டது, அவன் மூச்சிரைப்பது கேட்டது. வலது காது இருந்தது!

இரண்டாவது அடிக்கு ஓங்கிய மணிக்கட்டு மாஸ்டரின் பிடிக்குள் இருந்தது. எழுபது வயசுப் பிடி. எலும்பு நொறுங்குவது போலக் கணவன் அலறி மண்டியிட்டான்.

"மணி அடிச்சாச்சு," என்றார் மாஸ்டர். குரல் உடைந்திருந்தது. "அன்னிக்கே அடிச்சிருக்கணும். கையை இறக்குடா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையிலிருந்த வயரைச் சுருட்டினாள். ரெக்கார்டரையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டாள். கேமராவைத் தொடவில்லை. நேராகக் காவல் நிலையம் போய், அங்கே எழுத்து வேலை பார்ப்பவரிடம் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

இப்போது தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறாள். வேறு மூன்று கேமராக்காரர்கள் அவளைக் கூப்பிடுகிறார்கள். மாமியார் ஒரு தடவை போன் செய்து, மகன் எடுக்கும் படத்தில் சத்தமே சரியில்லை, ஊரே சிரிக்கிறது என்று மூக்கைச் சிந்தினாளாம். "அத்தை, நீங்க பேசுறது இந்தக் காதுல விழலையே" என்று போனை இடது பக்கம் மாற்றிக்கொண்டாளாம் இவள்.

நேற்று ஒரு பள்ளிக்கூடத்தில் பதிவு. கேமரா ஓடியது, விளக்கு நிலையாக எரிந்தது. யார் கை தட்டுவது என்று புதிய கேமராக்காரர் கேட்டார். அவள் முன்னால் போய் நின்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தட்டினாள்.