மூக்குத்தி எந்தப் பக்கம்

அந்த ஆளை எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கலர் பிரின்ட் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். சாயம் ஏற்றிய தலை, காலருக்குள் மடித்துச் செருகிய கர்ச்சீப். அணைந்து கிடந்த இன்னொரு திரையைக் கண்ணாடியாக்கித் தலை சீவிக்கொண்டிருந்தார். நான் நின்ற கால் மணி நேரத்தில் நான்கு முறை சீவினார். இவரிடமா அம்மாவின் படத்தைக் கொடுப்பது என்று இருந்தது.

அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு அவள் முகத்தை டைல்ஸில் பதித்து வீட்டில் மாட்ட வேண்டும். அதற்கான பிரின்டர் அந்தக் கடையில்தான் இருந்தது. என்னிடம் இருந்ததோ அம்மாவே போனில் எடுத்துக்கொண்ட ஒரு செல்ஃபி. முகம் மட்டும்தான் தெரியும்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். சீப்பின் முனையால் திரையைத் தொட்டு, “அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கங்க?” என்றார்.

“அதான் படத்துலயே இருக்கே. அப்படியே போடுங்க,” என்றேன். குரலில் இருந்த இளக்காரத்தை நான் மறைக்கவில்லை.

“சில போன்ல செல்ஃபி எடுத்தா இடம் வலமா மாறி விழுந்துருங்க. சரியான பக்கம் தெரிஞ்சாத்தான் ஃபைல் ரெடி பண்ண முடியும்.”

நாற்பத்தாறு வருஷம் பார்த்த முகம். இடமா வலமா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

“தெரிஞ்சவங்க யார்ட்டயாச்சும் கேட்டுட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு மறுபடி தலை சீவத் தொடங்கினார்.

அவர் குரலில் இளக்காரம் துளியும் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.