பெட்டி இருக்கிறதா என்று கேட்ட கண்டக்டர்

சென்ற சீசனில் ஒரு காலை, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மலைப்பள்ளி ஒன்றின் அட்மிஷன் இணையதளம் என் பொறுப்பு. அன்று பத்து மணிக்கு விண்ணப்பம் திறக்க வேண்டும். முந்தைய நாளே டேட்டாபேஸைக் கட்டளை கட்டளையாகத் தட்டி கிளஸ்டர் எனும் சர்வர் கூட்டத்தில் நிறுவிவிட்டு, இனி கவலையே இல்லை என்று பள்ளிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

மலை ஏறத் தொடங்கியதுமே அலுவலகத் தோழி அழைத்தாள். டேட்டாபேஸ் ஓடும் கன்டெய்னர் நின்று, தானாக மறுபடி ஓடியதாம். ஏற்றி வைத்த வகுப்பு விவரமெல்லாம் காணோமாம். நிரந்தர சேமிப்பு இடம் கொடுக்க மறந்திருக்கிறேன்!

லேப்டாப்பைத் திறந்தால், வளைவுக்கு வளைவு சிக்னல் கண்ணாமூச்சி காட்டியது. என் முகத்தைப் பார்த்த கண்டக்டர், வாந்தி வருகிறதாக்கும் என்று பை நீட்டினார். இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற எண்ணத்தோடேதான் விளக்கினேன். கன்டெய்னர் லாட்ஜ் ரூம் மாதிரி. காலி செய்தால் உள்ளே வைத்ததெல்லாம் போய்விடும். பெட்டியை வெளியே லாக்கரில் வைத்திருக்க வேண்டும், நான் வைக்கவில்லை.

அவர் டிரைவரிடம் போய்ப் பேசினார். ஊத்து என்ற ஊரில் டீக்கு நிற்க வேண்டிய பஸ், அதற்கு முன்பே ஒரு வளைவில் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் வழக்கமாக வீட்டுக்குப் போன் பேசும் இடமாம்.

"இங்க சிக்னல் நல்லா எடுக்குங்க. வெரசா முடிங்க," என்றார் கண்டக்டர்.

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பண்ணைக்காட்டு அக்கா ஒருவர் மலைவாழைப்பழத்தை உரித்தே கொடுத்தார். இன்னொருவர், லேப்டாப்புக்கு நெட் கொடுத்த என் போனை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். சேமிப்பு இடத்தைச் சேர்த்து எல்லாவற்றையும் திரும்ப நிறுவினேன். தோழி விவரங்களை ஏற்றினாள். ஓடுகிறது என்று திரையில் வந்ததும் லேப்டாப்பை மூடப்போனேன். கண்டக்டர் விடவில்லை.

"ஒருக்கா ரூமைக் காலி பண்ணிப் பாருங்க. பெட்டி கெடக்கான்னு தெரிய வேணாமா?"

முந்தைய நாள் நான் செய்யாமல் விட்டது அதைத்தான். கூசிப்போய், கன்டெய்னரை நானே அழித்தேன். புதியது எழும்வரை பாதி பஸ் என் தோளுக்குப் பின்னால் நின்றது. விவரங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

"கெடக்குண்ணே," என்றேன். சிரித்தபடி விசில் ஊதினார். பத்து மணிக்கு விண்ணப்பம் திறந்தபோது நான் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தேன்.

இப்போதெல்லாம் ஒருமுறை அழித்துப் பார்க்காமல் எந்த வேலையையும் முடிந்தது என்று நான் சொல்வதில்லை. அன்று தொலைந்த விவரமெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. 'இவருக்கு என்ன புரியப்போகிறது' என்ற என் நினைப்பு மட்டும் அந்த வளைவிலேயே தொலைந்துபோனது, அதை நான் தேடவும் இல்லை.