நாலு மணி வெடி

ஒன்பதாம் மாதத்தில் உடம்பு நம் பேச்சைக் கேட்காது என்று எல்லோரும் சொன்னார்கள். என் உடம்பு யார் பேச்சையும் கேட்கவில்லை. கால் வீங்கி, கொலுசைக் கழற்ற அம்மா தேங்காய் எண்ணெயோடு மல்லுக்கட்டினாள். படுத்தால் நெஞ்செரிச்சல், எழுந்தால் இடுப்பு வலி. வயிறு கல்லாக இறுகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். "இது சூட்டு வலிடி, செத்த இரு" என்று அம்மா பையைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சீரகத் தண்ணீர் கொடுப்பாள். வலி போய்விடும்.

வளைகாப்பு முடிந்து தாயில்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஊருக்கு வெளியே உள்ள பட்டாசுக் கம்பெனியில் தினமும் நாலு மணிக்குச் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை ஒரு துள்ளு துள்ளும். நைட்டிக்கு மேலேயே தெரியும். என் கணவருக்குச் சிவகாசியில் அச்சகம். காலண்டர் சீசன், வர முடியாது. சாயங்காலம் போன் போட்டு, "இன்னைக்குக் குதிச்சுச்சா?" என்று கேட்பார்.

ஆஸ்பத்திரி நர்சம்மா, "சாப்பிட்டுட்டு இடது பக்கமாப் படுத்து, புள்ள எத்தன தடவ அசையுதுன்னு தெனமும் எண்ணுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் எண்ணவே இல்லை. அதுதான் நாலு மணி வெடி இருக்கிறதே என்ற மிதப்பு.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். நாலு மணிச் சத்தம் நின்றது. பிள்ளையும் சும்மா கிடந்தது. எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. "கடைசி மாசம், உள்ள எடம் ஏது? அதான் அசையல" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் கணவர் வழக்கம்போலப் போனில் கேட்டார்.

"கம்பெனிக்கு லீவுல்ல? ஒங்க புள்ளையும் லீவு போட்டுட்டாக" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அச்சு மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்:

"கம்பெனிக்கு லீவுன்னா, புள்ளைக்கு எதுக்கு லீவு?"

இடது பக்கமாகப் படுத்தேன். அம்மா பால் கொடுத்தாள். வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. இந்த முறை பையை முதலில் தூக்கியது அம்மாதான்.

"கடைசியா எப்பம்மா அசஞ்சுச்சு?" என்று கேட்டார் நர்சம்மா.

எனக்குத் தெரியவில்லை. கடைசியாக வெடி வெடித்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பிள்ளை கடைசியாக அசைந்தது ஞாபகம் இல்லை. ஓவென்று அழுதேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அதான் வந்துட்டீகல்ல, அழாதீக" என்று சொல்லிக்கொண்டே வயிற்றில் பட்டையைக் கட்டினார். மெஷினில் துடிப்பு கேட்டது. மெதுவாகத்தான், ஆனால் கேட்டது. பனிக்குடத் தண்ணீர் வற்றிவிட்டது, இப்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பெண் பிள்ளை. அழுவதா வேண்டாமா என்று சற்று யோசித்துவிட்டு அழுதாள்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது. நாலு மணி வெடிக்குத் தலையைக்கூடத் திருப்புவதில்லை. போன வாரம் அம்மா வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் நிறைமாத வயிற்றோடு வந்தாள்.

"வெடிச் சத்தத்துக்கு எம்புட்டுக் குதி குதிக்குதுன்னு பாருங்கக்கா!" என்றாள் பெருமையாக.

"மத்த நேரத்துல?"

அவள் சிரிப்பு நின்றது. யோசித்துப் பார்த்து, "தெரியலக்கா" என்றாள்.

அவளை இடது பக்கமாகப் படுக்க வைத்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெடி எதுவும் வெடிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. அவள் வாய் திறக்கும் முன்னாலேயே நான் அழுதுவிட்டேன்.