எருமை பம்பாய்க்குப் போன வருஷம்

தை பிறக்கும்போதெல்லாம் இனிமேல் தினமும் எழுதுவேன் என்று சபதம் எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. மாசி பிறப்பதற்குள் அது காற்றில் பறந்துவிடும். எடுத்த சபதத்தை, ஒரே ஒரு நாள் தவிர, விடாமல் இழுத்துப் பிடித்த ஒரே ஒருவரைத்தான் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் என் சித்தி. பள்ளிபாளையத்தில் நாலு விசைத்தறிகளுக்கு நடுவே இருந்துகொண்டு அதைச் செய்தார்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். சித்தப்பாவும் சித்தியும்தான் தறி ஓட்டுவார்கள்; நாலு தறிக்கும் ஒரே மோட்டார். தறி ஓடும்போது அந்த வீட்டில் பேச்சு கிடையாது, கைச்சாடைதான். தறி நின்றாலும் சித்தப்பா பேசமாட்டார் என்பது வேறு விஷயம். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் வாழப்பாடியில் இருந்தபோது பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவாராம். ஒன்றுகூட வெளிவரவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒன்பது வயதான அந்தப் பொங்கலன்று, அடுத்த பொங்கல் வரைக்கும் தினமும் எழுதப்போவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சித்தப்பா தலையை நிமிர்த்தாமல் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

எழுதத் தனியாக நோட்டு எதுவும் வாங்கவில்லை. தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கமே போதும் என்றார். அன்றைய தாளில் அன்றைக்கே எழுத வேண்டும், மறுநாள் சேர்த்து எழுதுகிற பேச்சே இல்லை. இது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எழுதியதை முதலில் படிப்பது என் உரிமை. படித்து முடித்ததும் தாளைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்போம்.

எழுத நேரம் கொடுத்தது மின்வெட்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரவும் நாலரைக்குக் கரண்டு போகவும் சரியாக இருக்கும். நாலு தறியும் சட்டென்று நின்றுபோகும். சித்தி தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் கால்நீட்டி நான். அந்த அமைதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கதை ஓர் எருமையைப் பற்றியது. சங்ககிரியில் லாரி ஏறிப் பம்பாய்க்குக் கிளம்பிவிட்ட எருமை. டிரைவருக்கு இந்தி தெரியாது, எருமைக்குத் தெரியும். போகிற வழியெல்லாம் எருமைதான் இறங்கி வழி கேட்கும், டீக்கு விலை பேசும், போலீஸ்காரரிடம் சமாதானம் சொல்லும். நான் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். சித்தி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

தறி நின்றால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்று பெரியவர்கள் புலம்புவது என் காதில் விழத்தான் செய்தது. மண்டையில் ஏறவில்லை. மாரியம்மன் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு, "நாலரைக்குக் கரண்டு போயிரோணும் தாயே" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

ஆனி மாதம் காற்று கிளம்பியது. காற்றாலை சுற்றினால் கரண்டு வரும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். வந்தேவிட்டது. விட்டதையெல்லாம் பிடிக்கிறவர் போலச் சித்தப்பா தறியை ஓட்டினார். சித்தி ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் தாளை எடுப்பார், ஒரே ஒரு வரி எழுதுவார். 'எருமை செக்போஸ்டில் நிற்கிறது.' மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும்.

எனக்குப் பொறுக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே சித்தப்பாவின் காதருகே போய்க் கத்தினேன்.

"சித்தப்பா, எருமை ஒரு வாரமாச் செக்போஸ்ட்டுலயே நிக்குதுங்க. பாவமுங்க."

"எந்த எருமை?"

சங்ககிரியிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஒரு இடத்தில் அவர் மீசை லேசாக அசைந்தது. கடைசியில், "போயிப் படி சாமி" என்றார்.

மறுநாள் நாலரைக்குத் தறிகள் நின்றன. தெருவில் மற்ற வீட்டுத் தறியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டாரு சூடாயிருச்சு. ஒரு மணி நேரம் ஆறட்டும்" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

அதற்கடுத்த நாளும் மோட்டார் சூடானது. பிறகு தினமும் சூடானது. சித்தப்பா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லையாதலால் சித்தியும் நம்பினார். எருமை செக்போஸ்டைத் தாண்டியது, கோதாவரியில் குளித்தது, புரட்டாசி முழுக்க ஒரு கோயில் வாசலில் சுண்டல் தின்றது. மார்கழியில் புனாவை நெருங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கவலை பிடித்தது. குளிர்காலத்திலும் இப்படிச் சூடாகிற மோட்டார் ஒருநாள் எரிந்துபோய்விட்டால் சித்தப்பா என்ன செய்வார்? பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், எரிந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் அண்ணனின் கடையில் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். அவரும் நல்ல மனுஷர், டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு என் கூடவே வந்துவிட்டார்.

நாங்கள் போனபோது தறிகள் நின்றிருந்தன. சித்தி கல்லின் மேல் தாளோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், மூடியைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார்.

"ஏனுங்ணா, மோட்டாரு கல்லாட்டம் இருக்குது. தெனமும் சூடாகுதுன்னு பாப்பா சொல்லுச்சு?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

"ஆகும். சாயங்காலத்துல."

"அதென்னுங்ணா, மணி பாத்துச் சூடாகுது?" என்று அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்தி பின்வாசல்படியில் வந்து நின்றார். "ஏனுங்க" என்றார்.

சித்தப்பா பழந்துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார். "எழுதறதுன்னா எழுது. அஞ்சரைக்குத் தறிய விட்டுருவேன்."

சித்தி திரும்பிப் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே துடைத்துக்கொண்டிருந்தவரின் முதுகையே பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார், சிரித்தார், மறுபடியும் துடைத்தார். எருமை புனாவில் வண்டியை விட்டு இறங்கி நிற்கிறது என்று நான் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். என் தலையைத் தடவினாரே ஒழிய ஓர் எழுத்து எழுதவில்லை. அஞ்சரைக்குத் தறி ஓடத் தொடங்கியது. ராத்திரியும் அவர் தாளைத் தொடவில்லை. அன்றைய தாள் வெள்ளையாகவே கம்பியில் ஏறியது.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முழுசாக ஒரு மணி நேரம் வீணாய்ப்போயிருந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்குப்போய் யாராவது அழுவார்களா? அன்றைக்குப் படுக்கப் போகும் வரையில் நான் சித்தியோடு பேசவே இல்லை.