நல்ல நிலையில் உள்ளது

பொய் சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. வாயால் சொல்கிறவர்கள் என்றாவது மாட்டிக்கொள்வார்கள். கட்டத்தில் சரிக்குறி போடுகிறவர்கள் மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவார்கள். பத்துவருஷம் இரண்டாவது வகை. பேசாமல் அதிலேயே இருந்திருக்கலாம்.

பத்துவருஷம் என்பது சக மெக்கானிக்குகள் வைத்த பெயர். வீடுகளில் உள்ள ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்களைப் பராமரிப்பது அவர் வேலை. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். இந்த இயந்திரம் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டைப் பிடித்துத் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளும். எவ்வளவு நாள் உழைக்கும் என்று யார் கேட்டாலும், “பத்து வருஷம் கவலையே படாதீங்க” என்பார். பிறந்த குழந்தையைக் காட்டினாலும் அதையே சொல்லித் தொலைப்பார் என்று நண்பர்கள் அவரைக் குழந்தை பார்க்க அழைப்பதில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை போவார். தூசி அடைத்த ஃபில்டரைக் கழுவுவார். தொட்டியின் அடியில் தங்கிய வண்டலைத் திறந்து விடுவார். ஈரம் வடியும் சின்னக் குழாயை ஊதிப் பார்ப்பார். கடைசியாக ராடு. தொட்டிக்குள் மேலிருந்து கீழாக ஒரு கம்பி தொங்கும். தண்ணீர் எதையாவது அரித்துத்தான் தீரும். தொட்டியை விட்டுவிட்டு என்னைத் தின்னு என்று நிற்பதுதான் அந்தக் கம்பியின் பிழைப்பு. அது கரைந்து முடிந்ததும் தண்ணீர் தொட்டியைத் தின்னத் தொடங்கும். ஆகவே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை வெளியே உருவிப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். முடித்ததும், இயந்திரத்தில் நூல் கட்டித் தொங்கும் அட்டையில் ஒவ்வொரு கட்டத்திலும் குறி போட்டு, ராடின் நிலையை ஒரு வரியில் எழுத வேண்டும்.

அவருடைய வாடிக்கை வீடுகளில் ஒன்றான தையல்காரம்மா வீட்டில் இயந்திரம் சமையலறையை ஒட்டிய சந்தில் நின்றது. அதற்கு இரண்டு சாண் மேலே பரண். பரண் நிறைய பழைய துணி மூட்டைகள். ராடு இடுப்பளவு நீளம். அதை உருவ வேண்டுமானால் பரண் பலகையைக் கழற்ற வேண்டும், இல்லை ராடை வளைத்து வளைத்துத் துண்டு துண்டாக அறுத்தெடுக்க வேண்டும். முதல் வருஷம் ராடின் தலையில் திருகுச்சாவியை வைத்து ஒரு முறை முக்கினார். அசையவில்லை. புது ராடுதானே, ஒரு வருஷத்தில் என்ன ஆகிவிடும் என்று ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினார். அடுத்த வருஷம் அட்டையைப் பார்த்தார். போன வருஷம் நல்ல நிலையில் இருந்ததாக ஒரு நம்பகமான ஆள் எழுதியிருந்தார். அந்த ஆளின் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். இப்படியே ஆறு வருஷம் தன்னைத் தானே நம்பினார்.

ஆறாவது வருஷம் வெந்நீர் லேசாகச் செம்பழுப்பாக வந்தது. அன்றாவது பலகையைக் கழற்றியிருக்க வேண்டும். அவருக்கோ அன்று இன்னும் மூன்று வீடு பாக்கி.

“தம்பி, தண்ணி ஏன் இப்படி வருது?” என்றார் தையல்காரம்மா. வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டே தெளிவாகப் பேசக்கூடியவர்.

“வீட்ல வெந்நீர் ஜாஸ்தி புழங்குறீங்களோ?”

“நான் ரெண்டு சொம்போட சரி. என் மகன் பஸ் ஓட்டப் போறவன், காக்கா குளியல். மருமக உள்ள போனா இருபது நிமிஷம்.”

“அதாம்மா. ரொம்ப ஓட்டினா சீக்கிரம் தேயத்தான் செய்யும்.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அட்டையில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். நீதிபதிகள்கூடத் தீர்ப்பெழுத அவரைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ஏழாவது வருஷம் தொட்டி ஓட்டை விழுந்து சமையலறையெல்லாம் தண்ணீர். கூப்பிட்டார்கள், போனார். அடியில் விரல் வைத்ததும் துரு உதிர்ந்தது.

“எத்தனையோ தடவை சொன்னேன், கேட்டாளா?” என்றார் தையல்காரம்மா. “மெக்கானிக் தம்பியே அன்னைக்கு சொல்லிட்டாரு, நீ குளிச்சே இதைக் கொல்றேன்னு. ஒரு வருஷமா கடிகாரத்தை வெச்சு அஞ்சு நிமிஷம்னு கட்டுப்பாடு போட்டுப் பார்த்தேன். அதுக்குள்ள தின்னுட்டாளே.”

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நின்றுகொண்டு அடுத்தவர் கையில் ஊசி குத்திவிட்டு வருகிறவள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மன்னிச்சுக்கங்க அண்ணே. நீங்க வருஷா வருஷம் வந்து நல்லா பார்த்துக்கிட்டீங்க. என்னாலதான் பாழாப் போச்சு.”

பத்துவருஷத்தைப் பலர் திட்டியிருக்கிறார்கள். ஒரு முறை நாய்கூடக் கடித்திருக்கிறது. அதெல்லாம் இவ்வளவு வலிக்கவில்லை. “பரவாயில்லம்மா” என்று வாயில் வந்துவிட்டது. தப்பு செய்தவன் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்தான் என்று அந்த நாளை முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்ததும், மருமகள் மன்னிப்புக் கேட்டதுவரை எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார், ராடை மட்டும் விட்டுவிட்டு.

“தொட்டி எத்தனை வருஷம் ஆச்சாம்?” என்று கேட்டாள் மனைவி.

“ஏழு.”

“நம்ம வீட்டுல பதினாலு வருஷமா ஓடுது. நீங்களும் மூணு தடவை ராடு மாத்திட்டீங்க. அவங்க வீட்டுத் தண்ணிக்கு மட்டும் என்ன கோபமாம்?”

அவர் தட்டைப் பார்த்தார்.

“ராடைப் பார்க்கவே இல்லையா?” என்றாள்.

“பரண் இடிச்சுது.”

“பரண் இடிச்சுதுன்னு எழுத வேண்டியதுதானே. அந்தப் பொண்ணுக்கு எதுக்கு இடி?”

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் ஐந்து முறைதான் இப்படிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறாள். அன்று ஆறாவது முறை.

புது இயந்திரம் வந்த நாள், காலையிலேயே பரண் பலகையைக் கழற்றினார். ஒரு மணி நேர வேலை என்று ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டது இருபது நிமிஷத்தில் முடிந்தது. பழைய தொட்டியிலிருந்து ராடை உருவினார். பெருவிரல் பருமனில் உள்ளே போனது, பின்னல் ஊசி மாதிரி வெளியே வந்தது. நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. வளைத்துப் பைக்குள் போட்டால் தீர்ந்தது. போட்டுவிட்டார்.

இந்த வகை இயந்திரம் நிதானமானது. நிறைத்த தண்ணீரைச் சூடாக்க நாலைந்து மணி நேரம் எடுக்கும். சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பகல் முழுக்க எந்த வீட்டில் எந்தத் திருகைத் திருப்பினாலும் பையிலிருந்த அந்தக் கம்பி விலாவில் குத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் போனபோது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்தார். பத்துவருஷம் கம்பியை எடுத்துத் தையல் மேஜை மேல் வைத்தார். பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்தார்.

“இது என்ன தம்பி?”

“தொட்டிக்குப் பதிலா அரிபட வேண்டிய கம்பி. நாலு வருஷம் முன்னாடியே மாத்தியிருக்கணும். நான் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கல. பார்த்ததா எழுதினேன். உங்க மருமக குளிச்சதுக்கும் தொட்டி போனதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

தையல்காரம்மா கம்பியைக் கையில் எடுத்தார். ஊசி வாங்கும்போது நுனி பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே.”

“இருந்திருக்கலாம்.”

“இப்ப நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

“நீங்க அத்தை. நீங்க சொன்னா...”

“எழுதினது நீங்க.”

“கடிகாரம் வெச்சது நீங்கம்மா.”

குற்றத்தை இப்படி ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே குளியலறைக் கதவு திறந்தது. நாலே நிமிஷம். பழக்கம் அப்படி. எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில் தையல்காரம்மாவுக்கு வாயில் வந்தது இதுதான்:

“ஏம்மா, இன்னும் கொஞ்ச நேரம் குளிக்கிறதுக்கென்ன?”

ஒரு வருஷமாக இதே கேள்வி வேறு ராகத்தில் கேட்கப்பட்டிருந்தது. மருமகள் ஈரத்தலையோடு நின்றாள்.

“நாளையிலேர்ந்து மூணு நிமிஷத்துல முடிச்சுடறேன் அத்தை.”

பத்துவருஷம் கம்பியை எடுத்து அவளிடம் நீட்டினார். முதலிலிருந்து சொன்னார். பரணைப் பற்றிச் சொல்லும்போது அதுவே காரணம்போல ஒலித்ததால், நிறுத்தி, “என் சோம்பேறித்தனம்” என்று திருத்தினார். ‘ரொம்ப ஓட்டினா தேயும்’ என்றது வாய்க்கு வந்த பொய் என்பதையும் சொன்னார்.

அவள் அட்டையை வாங்கி ஆறு வரியையும் படித்தாள்.

திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். திட்டினால் வாங்கிக்கொண்டு கொஞ்சம் இலேசாகப் போகலாம். அந்தத் திட்டை வாங்கத்தான் உண்மையில் வந்திருந்தார் என்று எனக்கொரு சந்தேகம்.

“பொருளெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா அண்ணே?” என்றாள்.

“எடுத்துக்கிட்டேம்மா.”

“அப்ப நீங்க போயிட்டு வாங்க. அத்தை, நீங்க எழுந்திருக்காதீங்க. நான் கொஞ்சம் பேசணும்.”

வெளியே வந்து செருப்பை மாட்டினார். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்து, படியிறங்கினார்.